முளைப்பாரி வீட்டின் இருட்டு

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி மாவட்டத்து ஊர்களில் மாரியம்மனுக்கோ காளியம்மனுக்கோ பொங்கல் சாட்டினால், முளைப்பாரி எடுக்கும் நாளன்று ஊரே தெருவில் நிற்கும். பெண்கள் வரிசையாகத் தலையில் சுமந்து வருவதும், கொட்டும் குலவையும், கோவில் முன் இறக்கிவைத்துக் கும்மியடிப்பதும், பிறகு குளத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய்க் கரைப்பதும் பலரால் எழுதப்பட்டுவிட்டன. ஆனால் இந்த வழக்கத்தைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஊர்வலத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய எட்டுப் பத்து நாட்கள் அந்த முளைகள் எங்கே இருந்தன, எப்படி இருந்தன என்பது ஒரு வரியில் கடந்துபோகிறது. அவை இருட்டில் இருந்தன. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில், வெயில் கொளுத்தும் மாதங்களில்கூட, ஒரு பயிரை வேண்டுமென்றே வெளிச்சம் படாமல் வளர்த்திருக்கிறார்கள். முளைப்பாரியின் பொருளைத் தேட வேண்டிய முதல் இடம் இந்த இருட்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். வளமைச் சடங்கு என்றும் விதைச் சோதனை என்றும் சொல்லப்படும் விளக்கங்கள், இருட்டைக் கணக்கில் எடுக்காதவரை, பாதி விளக்கங்களே.

வளர்ப்பு முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்; அடிப்படை மாறுவதில்லை. காப்புக் கட்டியதும் வீடு வீடாகத் தானியமும் பயறும் சேரும். அகன்ற மண்சட்டியிலோ அடிப்பாகம் நீக்கிய பானையிலோ வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பொடித்த காய்ந்த எருவையும் மண்ணையும் இட்டு, ஊறிய விதைகளை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாக எருப்பொடி போட்டு மூடுவார்கள். தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை, துவரை, சோளம், நெல் என்று அந்தந்த ஊரில் விளைவது சேரும். இதற்கென்று ஒதுக்கிய முளைப்பாரி வீட்டில் சட்டிகளை வைத்துக் கதவை அடைத்துவிடுவார்கள். விரதம் இருக்கும் மூத்த பெண்கள் ஓரிருவர் மட்டும் உள்ளே போய்த் தண்ணீரைக் கையால் தெளித்துவிட்டு வருவார்கள், ஊற்றமாட்டார்கள். இரவில் மற்றப் பெண்கள் கூடிக் கும்மியடித்துப் பாடுவார்கள். ஊர்வலத்துக்கு எடுக்கும் நாள்வரை முளை வெயிலைப் பார்ப்பதில்லை. எடுக்கும்போது அது வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று, ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். நுனியில் இலை சிறுத்திருக்கும். முளை உயர்ந்திருந்தால் மழை உண்டு, ஊர் செழிக்கும் என்பார்கள். குட்டையாகிவிட்டால் அல்லது அழுகிவிட்டால் வளர்த்தவர்களின் முகத்தில் ஈயாடாது.

இந்த ஒவ்வொரு செயலுக்கும் செடியின் உடலில் ஒரு பதில் இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்த விதைக்கு முன்னால் இருப்பது ஒரே வேலை: கையிருப்பு உணவு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டிவிட வேண்டும். ஆகவே இருட்டில் முளைத்த தளிர் இலைக்குச் செலவழிப்பதில்லை, வேரைப் பெருக்குவதில்லை. இருப்பதையெல்லாம் தண்டின் நீளத்தில் போடுகிறது. பயற்றம் முளையின் நுனி வளைந்து, விதையிலைகள் மூடியபடி, வளரும் முனையை மண்ணின் உராய்விலிருந்து காக்கிறது. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் பாதையில் ஒரு படி ஒளி இல்லாமல் நடக்காது. எனவே பச்சை ஏறாமல் மஞ்சள் நிறமிகள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒளி பட்டுவிட்டால் சில மணி நேரத்தில் எல்லாம் மாறும். தண்டு நீளும் வேகம் குறையும், வளைந்த நுனி நிமிரும், இலை விரியும், பச்சை ஏறும். முளைப்பாரி வீட்டின் கதவை அடைக்கும் பெண், விதையை இன்னும் மண்ணுக்கடியில்தான் கிடப்பதாக நம்பவைக்கிறாள். அந்த நம்பிக்கை கலையாதவரை, கையிருப்பு உள்ளவரை, அது உயர்ந்துகொண்டே போகும்.

நெருக்கமாகத் தூவுவதும் இதனோடு சேர்ந்ததே. இருட்டில் நீண்ட தண்டில் உறுதியான திசு குறைவு. தனியாக நின்றால் சாய்ந்துவிடும், பக்கத்துத் தண்டுகள் தாங்கினால் நிற்கும். தெளிக்காமல் ஊற்றினால், காற்றோட்டம் குறைந்த அந்த அறையில் அடித்தண்டு அழுகும். வைக்கோலும் எருவும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மிகுதியை வடியவிடுகின்றன. எள் போன்ற சிறிய விதை சீக்கிரம் தளர்ந்துவிடும். தட்டாம்பயறும் மொச்சையும் பருத்த விதைகள், பல நாள் தாங்கும் உணவு அவற்றுக்குள் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நாட்கள் மேலும் நீண்டால் கையிருப்பு தீர்ந்து முளை சரியத் தொடங்கும். காப்புக் கட்டுக்கும் ஊர்வலத்துக்கும் இடையே எட்டுப் பத்து நாட்கள் என்ற கணக்கு, இருட்டில் ஒரு பயறு எவ்வளவு காலம் தன் காலில் நிற்கும் என்ற கணக்கோடு பொருந்துவதைத் தற்செயல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. கதவிடுக்கையும் சாளரத்தையும் அடைப்பதற்கும் காரணம் உண்டு. பக்கவாட்டில் ஒளிக்கீற்று விழுந்தால் முளை அந்தப் பக்கம் வளையும். முழு இருட்டில் வளைய ஒரு திசையே இல்லை. புவியீர்ப்புக்கு எதிராக நேரே எழும். ஊர்வலத்தில் சுவர்போல் ஒரே மட்டமாக நிற்கும் அந்த முளைகளின் அழகு, அடைத்த சாளரத்தின் விளைவு.

இதன் பழமைக்கு நூற்சான்றுகள் உண்டு. ஆனால் அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கண்ணகி திருமணத்தில் பெண்கள் ஏந்திவரும் மங்கலப் பொருள்களில் பாலிகையும் முளைக்குடமும் இருக்கின்றன. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திரவிழாவுக்காகப் புகார் நகரத்தை அணிசெய்யும் பொருள்களுள் பொன்னாலான பாலிகைகள் வருகின்றன. கலத்தில் முளை வளர்த்து மங்கலமாக ஏந்துவது காப்பியக் காலத்திலேயே வேரூன்றிய வழக்கம் என்பதற்கு இவை போதும். ஆனால் அந்த முளைகள் இருட்டில் வளர்ந்தனவா என்பதைக் காப்பியங்கள் பேசவில்லை. அவற்றின்மேல் அதை ஏற்றிச் சொல்வது சரியன்று. இருட்டின் சுவடு கோவில் மரபில்தான் கிடைக்கிறது. பெருந்திருவிழாவுக்கு முன்னால் ஆகமங்கள் விதிக்கும் அங்குரார்ப்பணம் என்ற முளையிடும் சடங்கு இரவில் நடக்க வேண்டியது. பயிர்களுக்கு அதிபதி சந்திரன் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். திருமலையில் பிரம்மோற்சவக் கொடியேற்றத்துக்கு முன்னால் இன்றும் அங்குரார்ப்பணம் நடக்கிறது. பாலிகை, கடிகை, சராவம் என்று கலங்களை மூன்றாகப் பிரித்த அந்த மரபு, முளையைப் பார்த்துப் பலன் சொல்லவும் செய்தது. நேராக எழுந்த வெளிர்நிற முளை நல்ல குறி. கருத்ததும் கோணியதும் தீய குறி என்று சில நூல்கள் வகுக்கின்றன. வயலில் நிற்கும் நாற்றுக்கு வெளிறிய நிறத்தை எந்த உழவனும் நல்ல குறி என்று சொல்லமாட்டான். அங்கே கரும்பச்சைதான் செழிப்பு. வெளிர்நிறத்தையும் நேரான நிமிர்வையும் ஒருசேர நற்குறியாக்கிய அளவுகோல், மறைவில் வளர்ந்த முளைகளைப் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு.

இங்கே ஒரு மறுப்பு எழும். கதவை அடைப்பது வெளிச்சத்துக்காக அன்று, தூய்மைக்காக. தீட்டுப்பட்டவர் கண்ணும் கையும் படக்கூடாது என்பதற்காக அறையை மறைத்தார்கள், இருட்டு அதன் பக்கவிளைவு என்று சொல்லலாம். முளைப்பாரி வளர்க்கும் பெண்களைக் கேட்டாலும் பலர் இந்தக் காரணத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் தீட்டு காரணம், ஆகமத்தில் சந்திரன் காரணம் என்று விளக்கங்கள் மாறிக்கொண்டே இருக்க, செயல் ஒன்றாகவே நிற்பதைக் கவனிக்க வேண்டும். தமிழகத்துக்கு வெளியிலும் அப்படித்தான். உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதியில் ஹரேலா திருநாளுக்காகக் கூடையில் விதைத்த தானியத்தை வெயில் படாமல் வைத்து, மஞ்சளாக வளர்ந்த முளைகளை வீட்டாரின் தலையில் வைத்து வாழ்த்துகிறார்கள். சிசிலித் தீவின் கத்தோலிக்கப் பெண்கள் புனித வாரத்துக்காகத் தட்டுகளில் கோதுமையும் அவரையினத்துப் பருப்பும் கேனரிப்புல் விதையும் தூவி, இருட்டில் வைத்து, இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் விட்டு வளர்த்ததை மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் பதிவு செய்திருக்கிறார். அந்த முளைகள் ஆலயத்தில் இயேசுவின் கல்லறை அலங்காரத்துக்குப் போகும். தமிழகத்துத் தீட்டு விதியோ ஆகமத்துச் சந்திரனோ சிசிலியில் இல்லை, இருட்டு இருக்கிறது. தெய்வமும் காரணமும் வெவ்வேறாக இருந்தும் கைவினை ஒன்றாக இருப்பதற்கு, எல்லா இடத்திலும் கைக்குக் கீழே இருந்த பொருள் ஒன்றே என்பதுதான் எளிய விடை. பயிர்முளை எங்கே இருந்தாலும் இருட்டில் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது.

ஃபிரேசர் இந்தச் சடங்குகளையெல்லாம் பழைய கிரேக்கத்தின் அடோனிஸ் தோட்டங்களோடு ஒரே குடும்பமாகச் சேர்த்தார். ஏதன்ஸ் நகரப் பெண்கள் உடைந்த மண்கலங்களில் விதை தூவி, முளை வந்ததும் வாடவிட்டு, இறுதியில் நீரில் எறிந்தார்கள். மண்கலம், பெண்கள், சில நாள் பயிர், நீரில் விடுதல் என்று முளைப்பாரியோடு ஒத்துப்போகும் கூறுகள் பல. இதை வைத்து ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்லத் துணிபவர்கள், ஏதன்ஸ் பெண்கள் அந்தக் கலங்களை வைத்த இடம் கூரை உச்சி என்பதை மறந்துவிடுகிறார்கள். கோடை வெயிலில், மொட்டை மாடியில், ஆழமில்லாத மண்ணில் லெட்யூஸ் கீரையும் பெருஞ்சீரகமும் முளைத்து உடனே கருகின. கருகுவதே அங்கே நோக்கம். இளமையிலேயே மாண்ட அடோனிஸுக்கான ஒப்பாரி அது. அந்தத் தோட்டங்கள் விரைந்து முளைத்து விரைந்து அழிவதை பிளேட்டோ தம் ஃபீட்ரஸ் உரையாடலில் உவமையாக்கினார். நம் ஊர்ப் பெண்கள் செய்தது இதற்கு நேர் எதிரானது. முளை வாடாமல், குன்றாமல், இருக்கிற உணவைக் கொண்டு எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் போகவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். ஒரே விதையை வெயிலில் வைத்தால் ஒப்பாரி, இருட்டில் வைத்தால் வாழ்த்து என்று இரண்டு மரபுகள் பிரிந்திருக்கின்றன. கலத்தையும் நீரையும் மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக்குவது பிழை.

நம் நாட்டில் இப்போது அதிகம் கேட்கும் விளக்கம் வேறு. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்க முன்னோர் கண்ட அறிவியல் ஏற்பாடே முளைப்பாரி என்று இதழ்களிலும் மேடைகளிலும் சொல்கிறார்கள். பெருமையோடு சொல்லப்படுவதால் இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. ஆடியில் எடுக்கும் ஊர்களுக்கு இது பொருந்துவதுபோல் தோன்றும். பங்குனியிலும் சித்திரையிலும் புரட்டாசியிலும் எடுக்கும் ஊர்களை என்ன செய்வது? ஒரு விதை முளைக்குமா முளைக்காதா என்பது ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மூன்று நான்கு நாளில் தெரிந்துவிடும். அதற்கு விரதமும் அடைத்த அறையும் எட்டுப் பத்து நாளும் வேண்டாம். பல வீட்டுத் தானியத்தைக் கலந்து தூவினால், முளைக்காத விதை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயலுக்கு வேண்டிய நாற்றின் தரம் வெயிலில்தான் தெரியும். இருட்டில் நீண்ட முளையைப் பார்த்து வயலில் அது எப்படி இலைவிடும் என்று சொல்ல முடியாது. இவ்வளவும் சொன்ன பிறகும், அந்த விளக்கத்தில் ஒரு துளி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அது, சொல்பவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. வெயிலில் வளரும் நாற்று தன் இலையால் உணவு சமைக்கிறது. அதன் உயரத்தில் மண்ணுக்கும் வெயிலுக்கும் பங்குண்டு. இருட்டில் வளரும் முளைக்கு விதைக்குள் இருந்ததைத் தவிர வேறு உணவு இல்லை. எனவே அதன் உயரம் விதையின் திரட்சியையும் வீரியத்தையும் நேராகக் காட்டுகிறது. விதைத்தரம் பார்க்கும் இன்றைய ஆய்வகங்களிலும், இருட்டில் முளைகளை வளர்த்து நீளத்தையும் எடையையும் அளந்து வீரியத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. சென்ற ஆண்டு விளைச்சல் ஊர் முழுவதற்கும் எப்படி இருந்தது, தானியம் பூச்சி அரிக்காமல் குதிரில் காப்பாற்றப்பட்டதா என்பதை ஒரு முளைப்பாரி தோராயமாகக் காட்டியிருக்கும். ஊர் செழிக்கும் என்று அதைப் பார்த்துச் சொன்னவர்கள் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. ஆனால் அதைச் சோதனை என்று அழைப்பது, வழிபாடாகச் செய்ததை ஆய்வகமாக்கி அதற்கு மதிப்புத் தேடும் பழக்கம். அந்த மதிப்பு முளைப்பாரிக்குத் தேவையில்லை.

அப்படியானால் அதை அறிவு என்றே சொல்லக்கூடாதா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார்கள். காரணம் தெரியாமல் செய்வது வெறும் பழக்கம்தானே என்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்தக் காரணம் எவ்வளவு தாமதமாகக் கிடைத்தது என்பதைப் பார்த்தால் போதும். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சில கீரைகளை மண்ணால் மூடி வெளுக்கவைத்து, கசப்புக் குறைத்து உண்டார்கள். அந்த வெளுப்புக்குக் காற்றில்லாமை காரணமா, வெளிச்சமில்லாமை காரணமா என்ற கேள்வியை எழுப்பி, வெளிச்சமே காரணம் என்று இயற்கையியலாளர் ஜான் ரே 1686-ல் எழுதினார். அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருட்டில் வளர்ந்த செடியின் மஞ்சளும் நீளமும் ஒரு நோய்க்கோளாறாகவே எண்ணப்பட்டன. 1880-ல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும், தாவர அசைவுகள் பற்றிய நூலில், கேனரிப்புல் முளையின் நுனியை மூடிவிட்டால் அது ஒளியின் பக்கம் வளைவதில்லை என்று காட்டினார்கள். சிசிலிப் பெண்கள் ஆலயத்துக்காக வளர்த்த முளைகளில் ஒன்றும் இதே கேனரிப்புல்தான்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில்தான் முடிச்சு அவிழத் தொடங்கியது. ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு 1949-ல் இருட்டில் வளர்த்த பட்டாணிமீது வெவ்வேறு நிற ஒளிகளைச் சிறிது நேரம் பாய்ச்சி, சிவப்பு ஒளியே இலையை விரியவைத்துத் தண்டைக் குறுக்குகிறது என்று கண்டது. 1952-ல் லெட்யூஸ் விதைகளைக் கொண்டு, சிவப்பு ஒளி முளைக்கவைக்கிறது, அதையடுத்து வரும் தொலைசிவப்பு ஒளி அதைத் தடுத்துவிடுகிறது, கடைசியில் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடக்கிறது என்று காட்டியது. இதற்குப் பின்னால் உள்ள நிறமியைச் செடிக்குள் நேரடியாகக் காணப் பச்சையம் தடையாக இருந்தது. அதனால் 1959-ல் இருட்டில் வளர்த்த, பச்சை ஏறாத மக்காச்சோள முளைகளை எடுத்து அதைக் கண்டறிந்தார்கள். அதுதான் ஃபைட்டோகுரோம். மரநிழலில் நிற்கும் நாற்று, தலைக்கு மேலே போட்டி இருப்பதை அறிவதும் இதே நிறமியால்தான். மேலே உள்ள இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட, நாற்று அந்த விகிதத்தைப் படித்துத் தண்டை நீட்டுகிறது. 1980-களின் இறுதியில், அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரு மரபணு பழுதுபட்டால் இருட்டிலும் அது வெயிலில் இருப்பதுபோல் குட்டையாக, இலை விரித்து வளர்கிறது என்று தெரியவந்தது. அப்படியென்றால் இருட்டில் நெட்டையாக வளர்வது கோளாறு இல்லை. செடி தன் மரபணுக்களால் முனைந்து நடத்தும் ஒரு திட்டம். மஞ்சள் முளையை நோயாகப் பார்த்த கண்ணைவிட, அதை உயிர்ப்பின் உச்சமாகக் கண்டு குலவையிட்ட கண் உண்மைக்கு அருகில் நின்றிருக்கிறது. பெல்ட்ஸ்வில் அறிஞர்கள் கண்டதை நம் ஊர்ப் பெண்கள் முன்பே கண்டுவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். காரணத்தை அவர்கள் தேடவில்லை. எந்த விதை எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு ஈரம் போதும், எந்த இடுக்கை அடைத்தால் முளை நேராக வரும் என்பதைத் தவறாமல் செய்து, மகளுக்கும் மருமகளுக்கும் கைமாற்றினார்கள். விளைவை முன்கூட்டிச் சொல்ல முடிந்த எதையும் வெறும் பழக்கம் என்று ஒதுக்க முடியாது.

இந்தக் கைமாற்றம் இப்போது அறுபடும் நிலையில் இருக்கிறது. மண்சட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு வந்ததால் பெரிய கேடில்லை. வைக்கோல் கூரைபோட்ட இருண்ட அறை போய், சாளரமும் மின்விளக்கும் உள்ள மண்டபம் வந்ததுதான் பெரிய மாற்றம். ஒரு நாளில் சில நிமிடச் சிவப்பு ஒளியே இலையை விரியவைக்கப் போதும் என்று பட்டாணிச் சோதனை காட்டியிருக்கும்போது, கதவு திறந்து விளக்குப் போட்டுப் படமெடுக்கும் அறையில் முளை குட்டையாகப் பச்சைபிடித்து நிற்பதில் வியப்பில்லை. திருவிழாக்களை ஆவணப்படுத்தும் ஆய்வு மாணவர்களிடமும் இதழாளர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: ஊர்வலத்தன்று வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். காப்புக் கட்டும் நாளிலேயே ஊருக்கு வந்து, முளைப்பாரி வளர்க்கும் அம்மாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். என்ன விதை, எத்தனை நாழி ஊறவைத்தார்கள், எருவும் மண்ணும் என்ன அளவு, தண்ணீர் எந்த நாளில் குறைத்தார்கள், விளக்கை எங்கே வைத்தார்கள் என்று கேட்டு, ஊர்வாரியாக எழுதி வையுங்கள். அவர்களில் பலருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.